கியர் ஆயிலும் இடது செருப்பும்

"நீ எதையாவது முழுசா முடிச்சிருக்கியாம்மா?"

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கப் போன அன்று தலைமையாசிரியை ரூபினியிடம் இப்படிக் கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. கேட்ட கையோடு காகிதத்தில் முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். ரூபினிக்கு அன்றைக்கு வாய் திறக்க வரவில்லை. முப்பத்தெட்டு வயதாகியும், புதியவர்கள் முன்னால் இன்றைக்கும் அவளுக்கு அவ்வளவு சுலபமாக வாய் திறப்பதில்லை. அவள் பேசாமல் இருப்பதைப் பார்த்து எதிரில் இருப்பவர்கள் தாங்களே பேசித் தீர்த்துவிடுகிறார்கள். துப்பறியும் தொழிலுக்கு இதைவிடத் தோதான குறை வேறென்ன வேண்டும்?

அவளுடைய அலுவலகம் அல்சூரில், மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. வருகிற வழக்குகளில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிக்கிறாரா, வேலை உண்மையா என்று பார்த்துச் சொல்லும் வேலை. ஒரே உதவியாளன் விக்கி, பழைய கால் டாக்ஸி டிரைவர். பயணிகளிடம் வாயை அடக்கத் தெரியாததால் கம்பெனிக்காரர்கள் அவனைக் கழற்றிவிட்டார்கள். அந்த வாயை இப்போது ரூபினி சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறாள்.

அன்று காலை விக்கி அலுவலகத்தின் ஓட்டைக் காரை காக்ஸ் டவுனில் ஒரு பெரிய வீட்டின் முன்னால் நிறுத்தினான். இறங்கியதும் முதல் வேலையாக டிக்கியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வண்டிக்கு அடியில் தள்ளினான். அது பழைய ஆட்டோமேட்டிக் கார். கிளட்ச் கிடையாது, கியர் தானே மாறும், கியர் ஆயில் தானே ஒழுகும்.

"வீடு கட்ட எடம் பாத்துருக்கறதைப் பாருங்கக்கா," என்றான் விக்கி, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு. "கேட்டைத் தாண்டினா ரைட்ல பஸ் ஸ்டாப்பு, லெஃப்ட்ல போலீஸ் ஸ்டேஷன். வேலைக்காரன் வர்றதுக்கு ஒண்ணு, அவனைப் புடிச்சுக் குடுக்கறதுக்கு ஒண்ணு."

பின் சீட்டில் அனுஷா சிரிக்கவில்லை. மடியில் ஒரு பாலித்தீன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பைக்குள் அவள் கணவன் உமேஷின் கழுத்துத் துண்டு.

உமேஷ் சந்தாபுரா பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் ஓட்டுகிறவன். போன வாரம் ஒரு மாலை வீட்டுக்குத் திரும்பும்போது ஏதோ ஒரு கார் அவன் ஸ்கூட்டரை அடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பார்த்த ஆள் இல்லை. போலீஸ்காரர் வந்தார், சாலையில் எண்ணெய்க் கறையைப் பார்த்தார், 'குடிபோதையில் எண்ணெயில் வழுக்கி விழுந்தார்' என்று எழுதிவிட்டுப் போனார். உமேஷ் வாழ்நாளில் குடித்ததில்லை. அதை யார் கேட்டார்கள்? நாளைக்குத் தொழிற்சாலையில் விசாரணை. குடிகாரன் என்று முடிவானால் வேலையும் இல்லை, வைத்தியச் செலவும் இல்லை. அடித்துவிட்டுப் போன காரை அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

இருந்த ஒரே துப்பு அந்தத் துண்டுதான். கறைக்கு நடுவில் கிடந்த அதை அனுஷா துவைக்காமல் வைத்திருந்தாள். "ரத்தம்னுதான் நெனச்சேன் அக்கா," என்று முதல் நாளே சொன்னாள். "ரத்தம்னா காஞ்சு கறுத்துப்போயிருக்கும். இது காயவே மாட்டேங்குது." சிவப்பாக, காயாமல், கருகிய வாடையுடன் ஒழுகுவது ஆட்டோமேட்டிக் வண்டியின் கியர் ஆயில் என்று விக்கி முகர்ந்தே சொல்லிவிட்டான். தினமும் முகர்கிறவன். அதோடு நிற்காமல், கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச்சை விளையாட்டுக்கு அதன்மேல் அடித்தான். துண்டு மஞ்சளும் பச்சையுமாக மின்னியது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் ஆயிலில் கலக்கும் சாயம் அது என்று லிங்கராஜபுரத்து கியர் பாக்ஸ் மெக்கானிக் தினேஷ் சொன்னான். இப்படிப் பல பழைய வண்டிகளுக்கு ஊற்றியிருக்கிறானாம். எது எது என்று அவனுக்கே ஞாபகமில்லை.

அடுத்த துப்பு சந்தாபுரா மண்டபத்தின் காவலாளியிடம் கிடைத்தது. விபத்து நடந்த மாலை அங்கே ஒரு கூட்டம். வாசல் டைல்ஸில் சிவப்பு எண்ணெய் சொட்டிவைத்துவிட்டுப் போன ஒரு பழைய க்ரீம் நிறக் காரைத் துடைப்பமும் கையுமாக அவர் சபித்துக்கொண்டிருந்தார். அது கூட்டத்தில் பேச வந்தவரின் கார். பேச வந்தவர் ப்ரஹ்லாத். பேசிய தலைப்பு சாலைப் பாதுகாப்பு. அதைக் கட்டாயமாக உட்காரவைத்துக் கேட்கவைத்த தொழிலாளிகளில் உமேஷும் ஒருவன்.

"நீ இங்கேயே இரு," என்று ரூபினி அனுஷாவிடம் சொல்லிவிட்டு, துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ப்ரஹ்லாத் கேட்டுக்கே வந்து வரவேற்றார். ஐம்பதைத் தாண்டிய, நன்றாகப் பராமரிக்கப்பட்ட மனிதர். சட்டைப் பையில் 'உயிர் காப்போம்' என்று ஒரு பேட்ஜ், வீட்டிலேயும்.

"வாங்க மேடம். நேத்து போன்ல சொன்னீங்களே, யாரோ வாட்ச்மேன் என் காரைப் பாத்தான்னு. நோ ப்ராப்ளம். நல்லாப் பாருங்க. ஒளிக்கறதுக்கு நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல." நடந்துகொண்டே திரும்பிக் கேட்டார். "என்ன படிச்சிருக்கீங்க? க்ரிமினாலஜியா?"

"ஒம்பதாவது சார். அதுவும் பாதி."

"ஓ," என்றார் ப்ரஹ்லாத். அந்த ஒற்றை எழுத்தில் அவளை உட்காரவைத்து, பரிதாபப்பட்டு, எழுப்பி அனுப்பியும்விட்டார்.

வீட்டுக்குப் பின்னால் கார் ஷெட். முன்னால் ஒரு ஜீப் நின்றது. அதைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் இவர்களைப் பார்த்ததும் துணியைப் பிழிவதுபோல முறுக்கினார். ஒல்லியான, நரைத்த ஆள். பெயர் கோவிந்தன், ஷெட்டை ஒட்டிய அறையில்தான் குடியிருக்கிறார் என்று ப்ரஹ்லாத் போகிறபோக்கில் சொன்னார், ஜீப்புக்கு என்ன மைலேஜ் என்று சொல்வதுபோல.

"செருப்பைக் கழட்டிடுங்க ப்ளீஸ். என் ஷெட்டுக்குள்ள தூசி வரக் கூடாது."

விக்கி கழற்றினான். "கோயில்லகூட செருப்பு விட காசு வாங்கறான் சார். இங்க ஃப்ரீ. சக்கத்தா இருக்கு, சூப்பரு."

ஷெட்டின் வாசலில் ஏற்கெனவே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. கோவிந்தனுடையது. ரூபினி தன்னுடையதை அதன் பக்கத்தில் விட்டாள். விட்டவள் ஒரு கணம் குனிந்தபடியே நின்றாள். கோவிந்தனின் வலது செருப்பு இன்னும் ஒரு வருஷம் உழைக்கும். இடது செருப்பு முன்பாதம் பதியும் இடத்தில் தேய்ந்து, தரை தெரிந்தது.

விக்கியும் பார்த்தான். "என்னுதும் அப்படித்தான்க்கா," என்றான் மெதுவாக. "டாக்ஸி ஓட்டறப்ப. சில்க் போர்டு சிக்னல்ல கிளட்ச்சை மிதிச்சு மிதிச்சு, ஒத்தைச் செருப்பு மட்டும் வாங்க முடியுமான்னு கடைக்காரங்கிட்ட சண்டை போட்டுருக்கேன்."

ரூபினி நிமிர்ந்து உள்ளே போனாள்.

ஷெட்டுக்குள் அந்தக் க்ரீம் நிறக் கார், இருபது வருஷத்துக்கு மேல் வயதான ஆட்டோமேட்டிக், மெழுகு போட்டுப் பளபளத்தது. பம்பரின் இடது முனையில் மட்டும் பெயின்ட் மற்ற இடங்களைவிட இளமையாக இருந்தது.

"சந்தாபுராவுக்கு ஜீப்லதான் போனேன்," என்று ப்ரஹ்லாத் தொடங்கினார். "இது வெளியவே போறதில்ல. முன்னாடி ஒழுகிச்சு, ஒத்துக்கறேன். அதெல்லாம் போன மாசமே சரி பண்ணியாச்சு. மெக்கானிக்குங்க எல்லாம் திருடனுங்க மேடம். நானே வீடியோ பாத்து, கீழ ஆயில் தங்கற சேம்பரைக் கழட்டி, பழைய கியர் ஆயிலைப் பூரா வடிச்சு, ஒழுகின கேஸ்கெட்டை மாத்தி, புது ஆயில் ஊத்தினேன்."

விக்கி வண்டிக்கு அடியில் புகுந்தான். அங்கிருந்தே அவன் குரல் வந்தது. "கேஸ்கெட்டு நேத்து மாப்பிள்ளையானவன் மாதிரி இருக்கு சார். போன மாசம்னு சொன்னா அதுவே கோவிச்சுக்கும்."

"என் ஷெட்டுல தூசி கிடையாதுன்னு சொன்னேனே," என்றார் ப்ரஹ்லாத்.

 விக்கி வெளியே வந்தான்.

ப்ரஹ்லாத் பானெட்டைத் திறந்து, கியர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். வெள்ளை டிஷ்யூவில் துடைத்துக் காட்டினார். ரோஜா சர்பத் மாதிரி சுத்தமான சிவப்பு. விக்கி ஊதா டார்ச்சை அடித்தான். ஒன்றும் மின்னவில்லை. சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

"திருப்தியா?" ப்ரஹ்லாத் கைகளைத் துடைத்துக்கொண்டார். "காபி சாப்பிடறீங்களா, இல்ல அப்படியே கெளம்பறீங்களா?"

விக்கி அக்காவின் முகத்தைப் பார்த்தான். வெளியே காரில் ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது இருவருக்கும் ஞாபகம் இருந்தது.

"காபி குடிக்கறேன் சார்," என்றாள் ரூபினி. குரல் அவளுக்கே கேட்டிருக்குமா என்பது சந்தேகம். "அதுவரைக்கும் எஞ்சின் ஓடட்டுமே. இந்த மாதிரி வண்டியில நிக்கறப்ப எடுத்த அளவு சரியா இருக்காது. எஞ்சின் ஓடிச் சூடாகணும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு லீவரை எல்லா எடத்துக்கும் ஒரு தடவை கொண்டு போய்ட்டு வந்து, ஓடிக்கிட்டிருக்கறப்பவே பாக்கணும். வீடியோல சொல்லியிருப்பாங்களே."

ப்ரஹ்லாத் அந்த வீடியோவை முழுதாகப் பார்த்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கம் இல்லாத முகம் அது.

"சொல்லாம? எனக்குத் தெரியாதா? உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"எங்க வண்டியும் இதே ரகம். ரொம்பப் படுத்தியிருக்கு."

காபி வந்தது. அதுவரை பேசியது ப்ரஹ்லாத்தான். எத்தனை கம்பெனிகளில் பேசியிருக்கிறார், எந்தெந்தப் பெரிய போலீஸ் அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார், இந்த ஊர்க்காரர்களுக்கு ஏன் லேன் என்பது மண்டையில் ஏறுவதில்லை. பிறகு அவரே சீட்டில் உட்கார்ந்து, ஒரு விரலால் லீவரை இழுத்துக் காட்டினார். பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ். மறுபடி பார்க். "பாத்தீங்களா? ஒரு காலுக்குத்தான் வேலை. இடது காலுக்குப் பென்ஷன்." அது அவர் எல்லாக் கூட்டத்திலும் சொல்லும் நகைச்சுவையாக இருக்க வேண்டும். சிரிப்புக்கு இடைவெளி விட்டார்.

ரூபினி கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவினாள். ஆயில் குறியை விட்டு நன்றாகவே கீழே இறங்கியிருந்தது. சர்பத் நிறம் போய், பழைய செங்கல் நிறம் வந்திருந்தது.

"எஞ்சினை ஆஃப் பண்ணிடுங்க சார். விக்கி, ஷட்டரைக் கொஞ்சம் எறக்கு."

ஷெட் இருண்டது. விக்கி டார்ச்சை அடித்தான்.

கம்பியின் நுனி மஞ்சளும் பச்சையுமாக மின்னியது. ரூபினி பாலித்தீன் பையைப் பிரித்துத் துண்டின் ஓரத்தை அதன் பக்கத்தில் பிடித்தாள். ஒரே மஞ்சள், ஒரே பச்சை. நாலு பேரும் அதைப் பார்த்தார்கள். நாலாவது ஆள், ஷட்டருக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கோவிந்தன்.

"ஆயிலைப் பூரா மாத்தினேனே," என்றார் ப்ரஹ்லாத், நம்பாத குரலில். கடையில் கொடுத்த சாமான் குறைந்துவிட்டது என்பதுபோல.

"பூரா மாறாது சார். சேம்பரைக் கழட்டினா பாதிகூட வெளிய வராது. மிச்சம் மேல கன்வர்ட்டருக்குள்ளயே ஒளிஞ்சுக்கும். புது ஆயிலை ஊத்தி, எஞ்சினை ஓட்டி, மறுபடி வடிச்சு, மறுபடி ஊத்தி, இப்படியே ரெண்டு மூணு தடவை பண்ணினாத்தான் பழசு போகும். எங்க வண்டிக்கு ஆயில் மாத்தி, அல்சூர் ஏரியை ஒரு சுத்து சுத்திட்டு வந்து பாத்தா மறுபடி கறுப்பு. ஏமாத்திட்டான்னு இவன் மெக்கானிக் சட்டையைப் புடிச்சுட்டான். அப்புறந்தான் தெரிஞ்சுது."

"நான்தான் சாரி கேட்டேன்," என்றான் விக்கி. "பட்டன் வேற வாங்கிக் குடுத்தேன்."

"நீங்க ஊத்தினதுக்கப்புறம் எஞ்சினை ஸ்டார்ட்கூட பண்ணலை. அதனாலதான் மொதல்ல வெறும் புது ஆயில் தெரிஞ்சுது. பாதி வேலை பண்ணிட்டு முழுசா முடிச்சுட்டதா நெனச்சுட்டீங்க."

ஷட்டரை மறுபடி தூக்கினார்கள். வெளிச்சத்தில் ப்ரஹ்லாத்தின் முகம் ஏற்கெனவே மாறிவிட்டிருந்தது. பயந்த முகமாக இல்லை. துயரம் தோய்ந்த, பெருந்தன்மையான முகம். ரூபினிக்கு அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு சீக்கிரம் மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால், அடுத்த முகத்தை முன்கூட்டியே தேய்த்து மடித்து வைத்திருக்க வேண்டும்.

"சரி மேடம். இனிமே மறைக்கறதுல அர்த்தம் இல்ல. ஒரு ஏழையைக் காப்பாத்தலாம்னு பாத்தேன்." பெருமூச்சு விட்டார். "இந்தக் கார்லதான் போனோம். ஓட்டினது கோவிந்தன். நான் பின் சீட்ல கண் அசந்துட்டேன். என்னமோ சத்தம் கேட்டுது, ஸ்பீட் பிரேக்கர்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம் அழுதுகிட்டே சொன்னான். போலீஸுக்குப் போன்னு சொல்ல எனக்கு மனசு வரல. என் பலவீனம் அது. கோவிந்தா, நீயே சொல்லுப்பா."

கோவிந்தன் ஷெட் வாசலில் நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆமாம்மா. நான்தான் ஓட்டினேன். தெரியாம நடந்துபோச்சு. சார் மேல தப்பு இல்ல."

நன்றாக மனப்பாடம் செய்திருந்தார். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

விக்கிக்கு வாய் அடைத்துப்போனது. அது அபூர்வமான காட்சி. கார் கிடைத்துவிட்டது, குற்றவாளியும் கிடைத்துவிட்டான், கையெழுத்துப் போட ஆள் தயார். அனுஷாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். உமேஷ் குடிக்கவில்லை என்று ஆகிவிடும். இத்தோடு திரும்பிப் போனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ரூபினி கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். பிறகு வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள்.

"ஆயில் கொறையுது சார்," என்றாள்.

"என்னது?"

"அளவு கீழ எறங்கிடுச்சு. இப்படியே விட்டா கியர் பாக்ஸ் போயிடும். நல்ல வண்டி. மிச்ச ஆயில் இருந்தா ஊத்திட்டு இன்னொரு தடவை பாத்துடலாம்."

ப்ரஹ்லாத் அவளை அதிசயமாகப் பார்த்தார். ஒன்பதாவது, அதுவும் பாதி. கொலைக்குச் சமமான விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போது இவளுக்கு ஆயில் கவலை. ஆனால் கார் அவருடையது, கவலை நியாயமானது. அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தார். ரூபினி புனல் வைத்து, கம்பி போகும் குழாயிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

"எஞ்சினை ஓட்டி மறுபடி லீவரைப் போட்டுக் காட்டணும். கோவிந்தண்ணா, நீங்க உக்காருங்க. ஓட்டற கைக்குத்தான் வண்டி ஒழுங்கா அடங்கும்."

"நான் பண்றேனே," என்றார் ப்ரஹ்லாத்.

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்? டிரைவர் இருக்கறப்ப."

இதற்கு மறுப்புச் சொல்ல ப்ரஹ்லாத்தின் வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. சாவியை நீட்டினார்.

கோவிந்தன் வெறுங்காலோடு உள்ளே ஏறி உட்கார்ந்தார். ரூபினி கதவைத் திறந்து வைத்தபடி, கியர் ஆயிலைப் பற்றிக் கவலைப்படும் முகத்தோடு, அவர் கால்களைப் பார்த்தாள். விக்கி பானெட்டுக்கு இந்தப் பக்கம் நின்று போனை எடுத்து ஏதோ மெசேஜ் பார்க்கிறவன்போலப் பிடித்துக்கொண்டான்.

சாவியைத் திருப்பும் முன்பே கோவிந்தனின் இடது கால் எழுந்தது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் ஓங்கி மிதித்தது. அங்கே வெறும் தரை விரிப்புதான் இருந்தது. கால் சற்று நகர்ந்து தேடியது. மறுபடி மிதித்தது. மறுபடி விரிப்பு.

எஞ்சின் ஓடியது. கோவிந்தன் லீவரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இடது பக்கம் தள்ளி மேலே உந்தினார், ஜீப்பில் முதல் கியர் போடுவதுபோல. லீவர் பார்க்கிலேயே உட்கார்ந்திருந்தது. அவர் நெற்றியில் வியர்வை வந்துவிட்டது. இடது கால் மூன்றாவது முறையாக விரிப்பை மிதித்தது.

யாரும் பேசவில்லை. ரூபினி பேசப்போவதில்லை. விக்கிகூட உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்த அமைதியைப் பொறுக்க முடியாதவர் அங்கே ஒரே ஒருவர்தான். வருஷக் கணக்கில் மேடையில் நின்று, ஓட்டத் தெரியாதவர்களுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்துப் பழகியவர். ஒருவன் கண் முன்னால் தப்பாகச் செய்யும்போது வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியுமா?

"வலது காலால பிரேக்கை மிதிய்யா," என்றார் ப்ரஹ்லாத். "அப்பத்தான் லீவர் வரும். பக்கத்துல பட்டன் இருக்கு பாரு, அதை அழுத்து. கிளட்ச் கெடையாதுன்னு நேத்து சாயங்காலம் அவ்வளவு நேரம் சொன்னேனே, மண்டையில ஏறவே இல்லையா?"

சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

கோவிந்தன் எஞ்சினை அணைத்தார்.

"சூப்பர் லெக்சர் சார்," என்றான் விக்கி, போனைத் தாழ்த்தி. "முழுசா ரெக்கார்ட் ஆயிருக்கு. போன வாரம் இந்த வண்டியை ஓட்டினவருக்கு நேத்து சாயங்காலம் கிளாஸ் எடுத்துருக்கீங்க. ஃபீஸ் ஏதாவது உண்டா?"

"அதை நிறுத்துய்யா. டெலீட் பண்ணு. நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். பேட்ஜ்ல இருக்கே."

ப்ரஹ்லாத் விக்கியை விட்டுவிட்டு ரூபினியிடம் திரும்பினார். குரலைத் தணித்தார். "பாருங்க மேடம். சின்ன விஷயம். அந்த ஆள் திடீர்னு குறுக்க வந்தான். இருட்டு வேற. நான் நிக்காமப் போனது தப்புத்தான். ஒரு நிமிஷப் பதட்டம். யாருக்கும் வரும். அதுக்காக இத்தனை வருஷப் பேரு..."

ரூபினிக்கு இப்போது கூச்சம் போய்விட்டிருந்தது. அது எப்போது போகும் என்று அவளுக்கே தெரியாது. போனபிறகு வரும் குரல் மட்டும் தெளிவாக இருக்கும்.

"நிக்காமப் போகலை சார். நின்னீங்க."

"என்ன?"

"ஓடற வண்டியில ஒழுகினா ரோட்டுல புள்ளி புள்ளியா நீளமாப் போகும். அந்த எடத்தை நேர்ல போய்ப் பாத்தேன், கறை ஒரே வட்டம், தட்டு அகலத்துக்கு. துண்டு ஊறிப்போற அளவுக்கு. உங்க வண்டி சொட்டு சொட்டாத்தான் ஒழுகும். அந்த அளவுக்குச் சேரணும்னா வண்டி அங்கயே ரொம்ப நேரம் நின்னிருக்கணும். ஓரங்கட்டி, அந்தாளைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தீங்க. உயிர் இருக்கா, யாராவது வர்றாங்களான்னு பாத்தீங்க. அப்புறம் லீவரை ஒரு விரலால இழுத்து, கெளம்பிட்டீங்க."

ப்ரஹ்லாத் சட்டைப் பையிலிருந்த பேட்ஜை நேராக்கினார்.

"அவரு அன்னைக்கு உங்க லெக்சரைக் கேட்டுட்டுத்தான் போனாரு. ஆஸ்பத்திரியில கேட்டேன். அடிபட்டதுக்கு முன்னாடி எதுவும் சரியா ஞாபகம் இல்லையாம். நீங்க கடைசியாச் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்காம். அடிபட்டுக் கெடக்கறவனைப் பாத்தா நில்லுங்கன்னு சொன்னீங்களாம்."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த கோவிந்தன் மெதுவாகத் தலையைத் திருப்பினார். முதலாளியைப் பார்க்கவில்லை. ரூபினியைப் பார்த்தார்.

"லேசா இடிச்சுது, எந்திரிச்சுப் போயிட்டான்னு சாரு சொன்னாரும்மா," என்றார். "ஃபைன் கட்டினா முடிஞ்சுடும்னாரு."

"இடுப்பெலும்பு போச்சுண்ணா. குடிச்சுட்டு விழுந்தான்னு எழுதிட்டாங்க. நாளைக்கு வேலையும் போயிடும். அவரு வீட்டுக்காரம்மா வெளிய எங்க கார்ல உக்காந்திருக்கா."

"கோவிந்தா," என்றார் ப்ரஹ்லாத். இந்தக் குரலில் பெருந்தன்மை இல்லை. "யோசிச்சுக்கோ. அந்த ரூமை விட்டா உனக்கு இந்த ஊர்ல எடம் எங்க? இவங்க ரெக்கார்டிங் எல்லாம் கோர்ட்டுல நிக்காது. நீ சொன்னது சொன்னபடி இருந்தா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அது உண்மைதான் என்று ரூபினிக்குத் தெரியும். நல்ல வக்கீல் ஒருவர் போதும். கால் தடுமாறியது, பதட்டம், வயசு என்று ஊதித் தள்ளிவிடுவார். மினுமினுக்கும் ஆயில் காரைக் காட்டும். ஓட்டினவரைக் காட்டாது. அதைக் காட்டக்கூடிய ஆள் வெறுங்காலோடு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"கேக்கறேன்ல? பதில் சொல்லு," என்றார் ப்ரஹ்லாத்.

கோவிந்தன் இறங்கினார். சாவியை எடுத்து, மெழுகு போட்ட பானெட்டின் மேல் வைத்தார். வாசலுக்கு வந்து, வலது செருப்பைப் போட்டார், தேய்ந்த இடது செருப்பைப் போட்டார். ஜீப்பின் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியிலிருந்து தன் டிபன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கதவைச் சத்தம் வராமல் சாத்தினார், தினமும் சாத்துவதுபோல.

"கோவிந்தா."

கேட்டைத் திறந்து வெளியே போனார். எதிரில் நின்ற ஓட்டைக் காரின் ஜன்னலில் அனுஷாவின் முகம் தெரிந்தது. அவர் ஒரு கணம் நின்று அவளைப் பார்த்தார். அவள் அவர் யாரென்று தெரியாமல் பார்த்தாள். வலது பக்கம் பஸ் ஸ்டாப்பில் அல்சூர் பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. இடது பக்கம் போலீஸ் ஸ்டேஷன் போர்டு தெரிந்தது.

கோவிந்தன் இடது பக்கம் திரும்பி நடந்தார்.